ஞாயிற்றுக்கிழமைக் கேப்டன்

வானத்தைப் படைத்தவர் கடவுளாக இருக்கலாம். அதை முதன்முதலில் ஒழுங்காகப் பயன்படுத்தியவர் கடலோர மாலிந்தி ஊரின் பல் டாக்டர் கஹிந்திதான். இது அவரே சொன்ன தகவல்.

ஞாயிற்றுக்கிழமைக் கேப்டன் என்ற இனத்தை நீங்களும் பார்த்திருப்பீர்கள். வாரமெல்லாம் அடுத்தவர் வாய்க்குள் தலையை விட்டுக்கொண்டிருப்பார். ஞாயிறு விடிந்ததும் கறுப்புக் கண்ணாடி மாட்டி, நாலு பேர் உட்காரும் குட்டி விமானத்தைச் சுற்றிச் சுற்றி வந்து, இறக்கையைத் தட்டி, எண்ணெயை முகர்ந்து, வானத்தை ஒற்றைக் கண்ணால் அளந்து, வடக்கே லாமு ஊருக்கு எதிரே இருக்கும் மாண்டாத் தீவில் போய் இறங்கி, சுட்ட மீன் தின்று திரும்புவார். மாலிந்தியில் மீன் கிடைக்காதா? வாசலுக்கே வரும். நடந்து வந்த மீனுக்கு என்ன மரியாதை?

அந்த ஞாயிறு அவருக்குச் சோதனை. ஒரு வருடமாக விமானத்தில் கால் வைக்காத மனைவி டாமா, நிபந்தனையோடு ஏறினாள்: பிடித்தால் திரும்பவும் இதிலேயே வருவாள்; இல்லையென்றால் படகு, பஸ். மனைவியைத் தீவில் விட்டுவிட்டு ஒற்றையாக வந்திறங்கும் கேப்டனை ஊர் சும்மா விடுமா?

கிளம்பியதும் பயணிகளுக்கான அறிவிப்பு தொடங்கியது. பயணி ஒருத்திதான், அவளும் பக்கத்திலேயே. உயரம், காற்று, தன் கைப்பக்குவம் என எதையும் அவர் விடவில்லை. வழக்கமாகக் காதுக் கருவியில் மற்ற விமானிகளின் சளசளப்பு கேட்கும். அன்று நிசப்தம்.

"பாத்தியா டாமா? நான் பேசுனா வானமே வாய மூடிக்கிட்டுக் கேக்குது."

"ஓடிப்போக அதுக்கு வழியில்ல, பாவம்."

டானா ஆறு கடலில் கலக்கும் இடத்தில் காற்று விமானத்தைத் தூக்கிப் போட்டது. டாமா அவர் தொடையை இறுகப் பற்றினாள். அறிவிப்பு நின்றது. பிறகு மெதுவாக அவர் சொன்னார்: "எனக்கும் பயந்தான். ஒவ்வொரு தடவையும். அதான் பேசிக்கிட்டே இருக்கேன். நீ பக்கத்துல இருந்தா கொஞ்சம் கம்மியாகுது."

மாண்டாவில் இறங்கினால், ஓடுதள ஊழியர் அத்மான் கைகட்டி நிற்கிறார். புறப்படும்போது டாக்டர் அழுத்திய, ரேடியோவில் பேசும் பொத்தான் அப்படியே ஒட்டிக்கொண்டதாம். அவர் பேசியது முழுவதும் கடலோர வானமெங்கும் கேட்டதாம். வேறு யாரும் வாய் திறக்க வழியில்லாமல், இவர் இறங்கித் தொலையட்டும் என்று இரண்டு விமானங்கள் வட்டமடித்தனவாம்.

"டாக்டர், உங்க ஆஸ்பத்திரியிலதான் நாங்க வாயத் திறந்தபடி பேச முடியாமக் கெடக்கறோம். வானத்துலயுமா?" என்றவர் டாமாவிடம் திரும்பினார். "அண்ணி, போறப்பவும் பக்கத்துலயே உக்காருங்க. அவரு பயப்படுவாரு."

டாக்டருக்கு மீன் இறங்கவில்லை. பஸ்ஸைப் பிடிக்கப் படகு புறப்படும் நேரமாயிற்று. டாமா கை கழுவினாள், எழுந்தாள், நேரே விமானத்துக்கு நடந்தாள். காதுக் கருவியை மாட்டிக்கொண்டு கேட்டாள்: "என்ன கேப்டன், அறிவிப்பு இல்லையா?"

சிரிக்காதீர்கள். பஸ்ஸில் டிரைவருக்குப் பின்னால் உட்கார்ந்து, தரையில் காலை ஊன்றி பிரேக் போடுகிறவர்தானே நீங்கள்? ஜாக்கிரதை, இது தொற்றும் நோய். இதை எழுதுகிற அவர் மகளுக்கு மட்டும் தொற்றவில்லை.

அப்படித்தான் அவள் நினைத்திருந்தாள். வீடு திரும்பிய அப்பா, பொத்தானைச் சுரண்டிய விரலை அவள் மூக்குக்கு நேரே நீட்டினார். சிவப்பாக, பிசுபிசுவென்று, ஊர்ப் பிள்ளைகள் நாக்குச் சிவக்கச் சப்பும் மபுயு மிட்டாய்.

"ஆ காட்டு."

அன்றும் அதைத் தின்று சாயம் ஏறிய நாக்கைப் பல் டாக்டரிடம் எங்கே ஒளிப்பது?

"நேத்து என் சீட்டுல உக்காந்து, பயணிகளுக்கு என்ன அறிவிச்சீங்க, கேப்டன்?"