கவுனை இழுத்த அக்கா

லண்டனில் பாரிஸ்டரான முதல் மாதம், என் தலையில் இருந்த விக்கைவிடத் தலைக்கனம்தான் பாரம் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

அந்த நேரம் பார்த்து, சுவிஸில் ஓஸ்டர்முண்டிகனில் இருக்கும் அக்காவுக்கு வீட்டை விட்டு எழும்பச் சொல்லி வீட்டு நிர்வாகத்தின் கடிதம் வந்தது. மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் பொதுச் சலவை அறையில் உடுப்புத் தோய்த்தாராம். (ஓய்வு நாளான ஞாயிறில் தோய்ப்பது அங்கே கொலைக்கு ஒரு படிதான் கீழே.)

"இந்த வீடு போனா பிள்ளையளோட எங்கையடி போவன்?" என்று அக்கா போனில் அழுதார்.

"நான் வாறன். இனி இது என்ரை வழக்கு!"

பேர்ணுக்குப் போகும் ட்ராமில் அக்கா ஒரு ஃபைலை நீட்டினார். நான் தொடவே இல்லை. "அக்கா, இங்கிலாந்திலை கடதாசி சேர்க்கிறது சொலிசிட்டர். எழும்பி நிண்டு வாதாடுறது பாரிஸ்டர். சொலிசிட்டர் பின்னாலை இருப்பார். பாரிஸ்டர் ஏதும் விட்டுட்டா கவுனை மெல்ல இழுப்பார். நீங்கள் அதைச் செய்தாக் காணும்."

"அப்ப பாடுபடுறது நான், கதைக்கிறது நீ?"

"ஓம்."

போய்ச் சேர்ந்த இடம் நீதிமன்றமே இல்லை, வாடகைப் பிணக்குகளைத் தீர்க்கும் அலுவலகம். ஒரு மேசை, தண்ணீர்ப் போத்தல்கள், கம்பளிச் சட்டை போட்ட விசாரணைத் தலைவி, எதிரே வீட்டு நிர்வாகத்தின் ஆள். நான் கறுப்புக் கவுனும் குதிரைமயிர் விக்குமாக நின்றேன்.

"நீங்கள் இருக்கலாம்" என்றார் தலைவி.

இருப்பதா, நானா! மனிதனுக்கு வீடு ஏன் வேண்டும் என்று ஆதிகாலத்திலிருந்து தொடங்கினேன். கவுன் மெல்ல அசைந்தது. கவனிக்கவில்லை. மறுபடி அசைந்தது. என் பேச்சில் நானே மயங்கியிருந்தேன். மூன்றாம் முறை, ஆஸ்பத்திரித் துப்புரவு வேலையில் கட்டில்களைத் தள்ளித் தள்ளி உரமேறிய அக்காவின் கை இழுத்தது. ஐயோ! நான் அக்காவின் மடியில். விக் பறந்துபோய்த் தலைவியின் தண்ணீர்ப் போத்தலுக்குப் பக்கத்தில் கிடந்தது.

அக்கா என்னைத் தள்ளிவிட்டு எழும்பினார். ஃபைலைத் திறந்து, பேர்ண் ஜெர்மனில் ஒரே மூச்சாகச் சொன்னார்: "இது என்ரை வேலை அட்டவணை. அந்த மூண்டு ஞாயிறும் காலமை ஆறு மணியிலயிருந்து இரவு வரைக்கும் ஆஸ்பத்திரியிலை நிலம் துடைச்சுக்கொண்டு நிண்டனான்."

தலைவி வாசித்துவிட்டு நிமிர்ந்தார். "இவர் தோய்த்ததை யார் கண்டது?"

நிர்வாகத்து ஆள் விக்கைப் பார்த்தார், அட்டவணையைப் பார்த்தார். "யாரோ சொன்னார்கள்..."

பத்தே நிமிடத்தில் அந்தக் கடிதத்தை வாபஸ் வாங்குவதாக எழுதிக் கையெழுத்தும் போட்டார். வீடு தப்பியது! எனக்கு வந்த சந்தோஷத்தில் வெட்கம்கூட மறந்துபோனது. தலைவி விக்கை இரண்டு கையாலும் என்னிடம் தந்துவிட்டு, அக்காவைக் காட்டி, "உங்கள் சட்டத்தரணி கெட்டிக்காரி" என்றார்.

அன்றிலிருந்து பின்னால் இருக்கும் சொலிசிட்டர் கவுனைத் தொட்டாலே போதும், நான் வாயை மூடித் திரும்பிவிடுவேன். லண்டனில் அதற்காகவே என்னைத் தேடி வழக்குத் தருகிறார்கள்.

போன வருஷம் என் கல்யாணத்தில் நன்றியுரை கொஞ்சம் நீண்டுவிட்டது. என் கூறைச்சேலைத் தலைப்பு பின்னால் மெல்ல அசைந்தது. மண்டபம் முழுக்கச் சிரிப்பு.

"காணுமடி, இரு" என்றார் அக்கா. "வழக்கு எப்பவோ வெண்டாச்சு."