பீரோவுக்கடியில் தடை உத்தரவு

இனி இந்த வீட்டுச் சேதி ஒன்றுகூட வாசல் தாண்டக் கூடாது என்று கசிவு சார் சபதம் எடுத்தார். அலுவலகத்தில் கம்ப்யூட்டர் தகவல் கசியாமல் காப்பது அவர் வேலை. அதனால் வந்த பெயர். மற்றவர்கள் சாப்பிட்டதும் கை கழுவுவார்கள். அவர் பாஸ்வேர்டு மாற்றுவார்.

அன்றே டிவியின் கேமரா கண்ணில் பிளாஸ்திரி ஒட்டினார். சொன்னால் பாட்டுப் போடும் பெட்டியின் வயரைப் பிடுங்கினார். மனைவி ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

"ஏங்க, அது என்ன பாவம் பண்ணுச்சு?"

"ஒட்டுக் கேக்குது. நீயும் போன்ல 'ஒப்புக்கொள்கிறேன்'னு வந்தா படிக்காம அமுக்காதே. தலையையே எழுதிக் குடுத்த மாதிரி."

"சரிங்க. தானா ஓடி வீடு பெருக்குற இந்த மிஷின்?"

"அது வாயில்லாப் பூச்சி. பெருக்கிட்டுப் போகட்டும்."

சபதத்துக்குக் காரணம் வேறு. ஆஸ்பத்திரிக் கடிதம் ஒன்றைப் பீரோவுக்கடியில் தள்ளி வைத்திருந்தார். இதய வால்வில் கசிவு, இந்த மாதமே ஆபரேஷன் செய்தாக வேண்டும் என்று அதில் இருந்தது. அவருக்குப் பயம். அவளுக்குத் தெரிந்தால் கையோடு கூட்டிப்போய்ப் படுக்க வைத்துவிடுவாள். அந்த வட்ட மிஷின் ஒருநாள் கடிதத்தின் முனையை வெளியே இழுத்துவிட்டது. உடனே போனில், மிஷின் வரைந்து வைத்திருந்த வீட்டு வரைபடத்தைத் திறந்து, பீரோ இருக்கும் இடத்தில் சிவப்புக் கட்டம் போட்டார். இனி மிஷின் அங்கே நுழையாது.

பத்து நாள் கழித்து, கடிதம் பத்திரமாக இருக்கிறதா என்று மூச்சு வாங்கக் குனிந்து பார்த்தார். கடிதத்தைக் காணோம். ஒரு பை இருந்தது. அதில் துண்டு, பிரஷ், அவருடைய மாற்றுச் சட்டை.

"இங்க யாரு பையை வெச்சது?"

"நான்தான்" என்றாள் பின்னால் நின்ற மனைவி. "வீட்லயே பத்திரமான இடம் அதுதானே?"

"உனக்கு எப்படி..."

"மிஷின் வாராவாரம் என் போனுக்குச் சேதி அனுப்புது. வீடு முழுக்கப் பெருக்கியாச்சு, பீரோவுக்கடியில மட்டும் உரிமையாளர் தடை போட்டிருக்கார்னு. என்னன்னு குனிஞ்சு பார்த்தேன். வாங்குறப்ப கம்பெனிக்காரனுக்கு உங்க நம்பரைக் குடுக்க மாட்டேன்னு என் நம்பரைத்தானே குடுத்தீங்க?"

அவர் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். குப்பையைப் பெருக்கச் சொன்னால், வாயில்லாப் பூச்சி சேதியைப் பெருக்கியிருக்கிறது.

அவளும் பக்கத்தில் உட்கார்ந்தாள். குரல் உடைந்தது.

"ஊர்க் கசிவையெல்லாம் அடைக்கிறீங்க. உங்க நெஞ்சுல கசியறதை எங்கிட்ட மறைக்கலாமா? நீங்க தூங்குறப்ப மூச்சு வருதான்னு பார்த்துப் பார்த்து எனக்குத் தூக்கமே போச்சு."

அவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். ஆனாலும் அதிகாரி அல்லவா?

"ஆபரேஷனுக்கு நான் இன்னும் சம்மதிக்கலையே."

"ஆஸ்பத்திரி ஆப்புல சம்மதம் கேட்டாங்க. புதன்கிழமை தேதி. கீழே 'ஒப்புக்கொள்கிறேன்'னு இருந்துச்சு. படிக்காமலே அமுக்கிட்டேன்."