ஹாரன் அக்காவும் பக்கத்து வீட்டு அரிப்பும்

எண்ணூர் சாலையில் ஓடும் அத்தனை கன்டெய்னர் லாரிகளும் சேர்ந்து ஹாரன் அடித்தாலும் அதையும் மீறிக் கேட்கக்கூடிய ஒரே குரல், எங்கள் திருவொற்றியூர் மருந்துக் கடை ஹாரன் அக்காவுடையது. நிஜப் பெயர் யாருக்கும் தெரியாது. சம்பளம் கொடுத்த கடை அண்ணாச்சிக்கே தெரியுமா என்பது சந்தேகம்தான்.

மூலத்துக்கு மருந்து கேட்டு வந்த ஒருவரிடம், "உக்கார முடியுதா, இல்ல நின்னுகினேதான் சோறு துன்றியா?" என்று அக்கா விசாரித்ததில், எதிரே பஸ்ஸுக்கு நின்றவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். அந்த மனிதர் அதன்பிறகு தலைவலி மாத்திரைக்குக்கூடத் தண்டையார்பேட்டை போவதாகக் கேள்வி.

பெண்கள் இதற்கு ஒரு வழி வைத்திருந்தார்கள். வெள்ளைப்படுதல், அரிப்பு என்று எதற்கு மருந்து வாங்கினாலும் பக்கத்து வீட்டு அக்காவுக்கு என்றுதான் கேட்பார்கள். எங்கள் தெருவில் சொந்தமாக அரிப்பு வந்த பெண் ஒருத்திகூடக் கிடையாது. ஹாரன் அக்கா இதை அப்படியே நம்புவார். நம்புவதோடு விட்டால் தேவலை. மதியம் கடை சாத்தியதும் நேரே அந்தப் பக்கத்து வீட்டு வாசலுக்கே போய், அரிப்பு குறைந்ததா என்று கேட்பார். இதனால் முகம் கொடுத்துப் பேசிக்கொள்ளாமல் போன வீடுகள் எங்கள் தெருவிலேயே நாலு.

எனக்கு அந்தத் தொல்லை முதலில் வந்தது கல்யாணமான புதிதில். தொண்டைப் புண்ணுக்கு ஒரு வாரம் ஆன்டிபயாடிக் சாப்பிட்டு முடித்த கையோடு அரிப்பு, எரிச்சல், திரிந்த பால் மாதிரி வெள்ளை. அப்போது ராயபுரத்தில் ஒரு லேடி டாக்டர், பூஞ்சைத் தொற்று என்று சொல்லி ஒரே ஒரு மாத்திரை கொடுத்தார். சரியாகிவிட்டது. அந்தக் காலி அட்டையைப் பத்திரமாக எடுத்து வைத்தேன்.

மறுபடி வந்தபோது நான் நாலு மாதம் கர்ப்பம். சுத்தக்குறைவு என்று நினைத்துக் கிருமிநாசினி ஊற்றி ஊற்றிக் கழுவினேன். எரிச்சல் இரண்டு மடங்கானது. வீட்டுக்காரரிடம் சொல்லக் கூச்சம். செக்கப்பில் சொல்ல அதைவிடக் கூச்சம். கடைசியில் துப்பட்டாவை வயிற்றுக்கு மேல் இழுத்து விட்டுக்கொண்டு, பழைய அட்டையோடு கடைக்குப் போய், பக்கத்து வீட்டு அக்காவுக்கு என்று நீட்டினேன்.

"மாசமா கீறாளா அவ?"

"இல்லக்கா."

பக்கத்து வீட்டைப் பொறுத்தவரை அது சத்தியமான உண்மை. அங்கே குடியிருந்தது கன்டெய்னர் யார்டில் வேலை பார்த்த மூன்று ஒடிசாக்காரர்கள்.

சாப்பிட்டுவிட்டுப் போடலாம் என்று மாத்திரையும் தண்ணீருமாக உட்கார்ந்தபோது பக்கத்துக் கதவு தட்டப்பட்டது. ஷிஃப்ட் முடிந்து தூங்கிக்கொண்டிருந்த மூவரும் எழுந்து வந்தார்கள். தமிழ் புரியவில்லை. ஹாரன் அக்கா விடுவாரா? அரிப்பைக் கையாலேயே நடித்துக் காட்டினார். ஒருவர் உள்ளே ஓடிப்போய் ஒரு கொசுவத்தியை எடுத்து வந்து பணிவோடு நீட்டினார்.

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. ஜன்னலில் நின்று பார்த்தேன். துப்பட்டா தோளில் இல்லை. அக்கா திரும்பினார், என் வயிற்றைப் பார்த்தார், கையைப் பார்த்தார். மறுநொடி ஜன்னல் கம்பி வழியாக அவர் கை உள்ளே வந்து மாத்திரையைப் பிடுங்கியது.

"மாசமா கீறவ துன்ற மாத்திரையா இது? புள்ளக்கி எதுனா ஆச்சுன்னா இன்னா பண்ணுவ?"

அசிங்கமாக இருந்தது, அதனால்தான் பொய் சொன்னேன் என்று அழுதேன்.

"சளி புடிச்சா அசிங்கம்னு மூக்க மூடிகினா போற? இதுவும் அப்டித்தான். கெளம்பு, டாக்டராண்ட போலாம்."

ஷேர் ஆட்டோவில் ஏறியதும், பள்ளத்தில் மெதுவாகப் போகச் சொல்லி, மாசம், அரிப்பு என்று அதற்கான காரணத்தையும் டிரைவருக்கு விளக்கமாகச் சொன்னார். எனக்குக் குதித்துவிடலாம் போல இருந்தது. எதிரே மீன் கூடையோடு இருந்த அம்மாள், இரண்டாவது பிள்ளைக்குத் தனக்கும் வந்ததென்றார். பக்கத்தில் டீச்சர் மாதிரி இருந்தவர், மாசமாக இல்லாதபோதே தனக்கு அடிக்கடி வந்ததையும், சர்க்கரை இருப்பது அப்புறம்தான் தெரிந்ததையும் சொன்னார். ஆஸ்பத்திரி வருவதற்குள் என் அழுகை நின்றுவிட்டது.

டாக்டர் பரிசோதித்துவிட்டு, கர்ப்பத்தில் இது சகஜம், அழுக்கால் வருவதில்லை, கிருமிநாசினிதான் கெடுத்திருக்கிறது என்றார். அந்த மாத்திரை இப்போது கூடாது என்று சொல்லி, ஏழு நாளைக்குக் கிரீம் எழுதிக் கொடுத்து, சர்க்கரைக்கும் ரத்தம் எடுத்தார்.

ஏழு நாளும் மதியம் ஹாரன் அக்கா வாசலில் வந்து நின்று தெருவே கேட்க விசாரித்தார். தெருவே கேட்க நானும் பதில் சொன்னேன். எட்டாம் நாள் அரிப்பு சுத்தமாக இல்லை. அக்காவும் வரவில்லை. வரமாட்டார் என்று தெரிந்தும், சாயங்காலம்வரை கதவைத் திறந்தே வைத்திருந்தேன்.