கிரீம் டிரைவரும் என் மூஞ்சியும்

வெயிலோடு சண்டை போட்டு ஜெயித்த மனிதர் இந்த உலகத்திலேயே ஒருவர்தான். அவர் நெல் அறுக்கும் மெஷின் ஓட்டினார். காஞ்சிபுரம் பக்கம் கூரத்துக்காரர். மானாம்பதியில் ஒருவர் வாங்கி விட்டிருந்த மெஷினை உத்திரமேரூர் சுற்றுவட்டாரத்து வயல்களில் எல்லாம் இறக்கி ஓட்டுவார். ஊரே அவரைக் கிரீம் டிரைவர் என்றுதான் கூப்பிடும். சொந்தப் பெயர் ஒன்று இருந்திருக்கும். அதைக் கேட்டுத் தெரிந்துகொள்கிற அளவுக்கு அப்போது எனக்கு அவர்மேல் பிரியம் கிடையாது. உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். அவரைக் கண்டாலே எனக்கு வயிறு எரியும்.

அறுவடை மெஷின் ஓட்டுகிற வேலை எப்படிப்பட்டது என்று பார்த்தவர்களுக்குத் தெரியும். மேலே வெயில், கீழே இன்ஜின் சூடு, நாலு பக்கமும் நெல் சுணை. இரண்டு பருவம் தொடர்ந்து ஓட்டினால் சொந்த மாமியாருக்கே ஆள் அடையாளம் தெரியாது. கிரீம் டிரைவரோ பத்து வருஷமாக ஓட்டுகிறார். ஆனால் முகத்தைப் பார்த்தால் கல்யாண மாப்பிள்ளை மேடைக்குப் போகிற வழியில் சும்மா மெஷின் மேல் ஏறிப் பார்த்த மாதிரி இருக்கும்.

காலையில் வயலுக்கு வந்ததும் மற்ற டிரைவர்கள் டீசல் பார்ப்பார்கள், பெல்ட் பார்ப்பார்கள். இவர் பையைத் திறப்பார். உள்ளே டியூப்புகளும் சின்னச் சின்னக் கண்ணாடி பாட்டில்களும் துணியில் சுற்றி வைத்திருக்கும். பம்புசெட்டுத் தண்ணீரில் முகம் கழுவ மாட்டார், உப்பாம். அதற்கென்று கேனில் தண்ணீர் கொண்டு வருவார். கழுவி, ஒற்றி எடுத்து, ஒரு பாட்டிலிலிருந்து மூன்று சொட்டு விட்டு, தட்டித் தட்டி உள்ளே இறக்கி, அதன்மேல் ஒரு கிரீமைப் பூசி, அதற்கும் மேல் வெயிலுக்கான கிரீமை இரண்டு விரல் நீளத்துக்குப் பிதுக்கிப் பூசிக்கொண்டு, வரப்பில் போய் உட்கார்ந்துவிடுவார்.

வயல்காரர் வானத்தையும் அவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுக் கத்துவார்.

"இன்னாப்பா, மெஷின எடுக்கப் போறியா, பொண்ணு பாக்கப் போறியா?"

"இருவது நிமிசம் ஊறணும் நைனா. ஊறாம வெயில்ல எறங்கினா துட்டு வேஸ்ட்டு."

"மேகம் கட்டிக்கினு நிக்குதுடா!"

"அதுக்கு இன்னா பண்றது? மேகம் இருந்தாலும் போட்டுத்தான் ஆவணும்."

மத்தியானம் சாப்பாட்டுக்கு மெஷினை நிறுத்தினால் இன்னொரு தடவை, டீ குடித்த பிறகு இன்னொரு தடவை. இத்தனை டியூப் எதற்கு என்று யாராவது கேட்டுவிட்டால் போதும், சந்தோஷமாக வகுப்பு எடுப்பார்.

"இந்தச் சொட்டு கீதே, இது அடியுரம். இந்த கிரீமு மேலுரம். வெயிலுக்குப் போடறது பூச்சி மருந்து. எதுனா ஒண்ணு வுட்டாலும் வெளச்சல் கிடைக்காது."

எல்லாம் போனில் வீடியோ பார்த்துக் கற்றுக்கொண்டது. சொட்டு பாட்டில் என்ன விலை என்று கேட்டால் கூச்சப்படாமல் சொல்வார். கேட்டவர் அதை யூரியா மூட்டைக் கணக்கில் மாற்றிப் பார்த்துவிட்டு, வேறு எதுவும் கேட்காமல் எழுந்து போய்விடுவார்.

இப்போது என் விஷயத்துக்கு வருகிறேன். உத்திரமேரூர் பஜாரில் எனக்கு ஒரு ஜெராக்ஸ் கடை. ஊரில் ஒன்றரை ஏக்கர் நிலம். பகல் முழுக்க நிழலிலும் மின்விசிறிக் காற்றிலும் உட்கார்ந்திருக்கிறவன் நான். அந்தச் சம்பா அறுவடைக்குத்தான் முதல்முதலாக அவர் எங்கள் வயலுக்கு வந்தார். நானும் என் மனைவி கோமதியும் டீ கொண்டுபோனோம். அவர் ஒரு ஸ்வீட் பாக்ஸை என்னிடம் நீட்டினார்.

"எடுத்துக்கோங்கண்ணே. பேத்தி பொறந்துகீறா."

பேத்தி எடுத்தவர் என்னை அண்ணே என்கிறார்! எனக்கு அப்போது நாற்பத்தாறு. என் பெரிய பையன் பாலிடெக்னிக் படித்துக்கொண்டிருந்தான்.

கோமதிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "அண்ணனா? இவுரு உங்களுக்குத் தம்பிங்க. உங்களுக்கு இன்னா வயசு ஆவுது?"

"அம்பத்தொண்ணு முடியுதும்மா." என்னை இன்னொரு தடவை ஏற இறங்கப் பார்த்தார். "தப்பா நெனச்சிக்காதீங்க. வெயில்ல கண்ணு சரியாத் தெரில."

நாங்கள் மூன்று பேரும் நின்றுகொண்டிருந்தது வேப்பமர நிழலில்.

அன்றைக்கு ஆரம்பித்ததுதான். "பேத்தி எடுத்த மனுசன் மாதிரியா கீறாரு?" என்று கோமதி வீட்டுக்கு வரும் வழியெல்லாம் ஆச்சரியப்பட்டாள். ஆச்சரியப்பட்டுவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வையை நான் எங்கே போய்ச் சொல்வது? ரேஷன் கடையில் அரிசியைக் கையில் அள்ளிப் பார்த்துவிட்டு, சரி, கிடைத்தது இதுதான் என்று பையைப் பிடிப்பார்களே, அந்தப் பார்வை.

மறுநாள், மிச்சம் இருந்ததை அறுக்க வேண்டிய நேரத்தில் பார்த்தால் எங்கள் வயல் வரப்பில் ஒரு கிளினிக்கே நடக்கிறது. தெருவில் இருக்கிற பெண்கள் எல்லாம் வந்துவிட்டார்கள். ஒருத்திக்குப் பரு, ஒருத்திக்குக் கண்ணுக்குக் கீழே கருவளையம், கோமதிக்குக் கன்னத்தில் மங்கு. மெஷின் சும்மா நிற்கிறது. என் நெல் அறுபடாமல் நிற்கிறது. நானும் நிற்கிறேன்.

"எனக்கும் அந்தச் சொட்டு பாட்டிலு வாங்கலாமாங்க?" என்று கோமதி அவரைக் கேட்டாள்.

"உனுக்கு எதுக்கும்மா அது? துட்ட கரியாக்காத. தலப்ப இய்த்து இப்டி நெத்தி வரைக்கும் வுட்டுக்கோ. வெயிலுக்குப் போடற டியூப்பு மட்டும் சாதாரணமா ஒண்ணு வாங்கிக்கோ, போதும்."

கல்யாணமான நாளிலிருந்து, வெயிலில் போகும்போது தலையில் துணி போட்டுக்கொள் என்று நான் சொல்லாத நாள் இல்லை. ஒரு நாளும் கேட்டதில்லை. அவர் சொல்லி முடிப்பதற்குள் முந்தானை தலைக்கு ஏறிவிட்டது.

அறுவடை முடிந்து மெஷின் போனது. ஆள் போகவில்லை, எங்கள் வீட்டுப் பேச்சில் அவர் தினமும் ஆஜர். ஒருநாள் சாப்பாடு போட்டுக்கொண்டே கோமதி சொன்னாள்: "அவுரு வெயில்ல வேவுறாரு, அப்டி கீறாரு. நீங்க ஃபேன் காத்துல குந்திக்கினு கீறீங்க, இப்டி கீறீங்க." குழம்பு நன்றாகத்தான் இருந்தது. எனக்கு இறங்கவில்லை. இந்த உலகத்தில் எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான் என்று அந்த இடத்தில் முடிவு செய்தேன். என் மனைவி என் முகத்தைப் பார்த்து ஒரு நல்ல வார்த்தை சொல்ல வேண்டும். அதற்கு என்ன செலவானாலும் சரி.

காஞ்சிபுரத்தில் ஒரு பெரிய கடைக்குப் போனேன். கண்ணாடி அலமாரிக்குப் பின்னால் நின்ற பெண், "யாருக்கு சார்?" என்றாள்.

"வீட்ல."

"அவங்களுக்கு என்ன ஸ்கின் சார்? ஆயில் ஸ்கின்னா, டிரை ஸ்கின்னா?"

"சாதாரண மனுஷ ஸ்கின்தாம்மா. இருக்கிறதிலேயே விலை ஜாஸ்தியா எது இருக்கோ அதைக் கொடு."

ஊறுகாய்க் கிண்ணத்தைவிடச் சின்னதாக ஒரு கண்ணாடி டப்பாவை எடுத்து வைத்தாள். விலையைப் பார்த்ததும் எனக்கு அங்கேயே நெற்றியில் இரண்டு கோடு கூடுதலாக விழுந்திருக்கும். வாங்கி வந்து, ஜெராக்ஸ் மெஷினுக்குப் பின்னால் டோனர் டப்பாக்களோடு ஒளித்து வைத்தேன். கடையைத் திறந்ததும் ஒரு பூச்சு, மூடும்போது ஒரு பூச்சு. மாசி போய் பங்குனியும் முடிந்தது. கோமதி ஒரே ஒரு தடவை என் பக்கம் மூக்கை நீட்டி முகர்ந்தாள். "கடையில ஊதுபத்தி மாத்திட்டீங்களா?" என்றாள். அவ்வளவுதான்.

சித்திரையில் நவரை அறுவடை வந்தது. மெஷினும் வந்தது, அவரும் வந்தார். முகம் முன்பைவிடப் பளபளவென்று இருந்தது. இன்றைக்கு அவர் பக்கத்தில் நான் நிற்க, கோமதி இரண்டு முகத்தையும் சேர்த்துப் பார்ப்பாளே என்ற பயத்தில், டப்பாவில் மிச்சம் இருந்ததை எல்லாம் வழித்து முகம், கழுத்து, காது மடல் வரைக்கும் கனமாக அப்பிக்கொண்டு வயலுக்குப் போனேன்.

ஒன்றரை ஏக்கர் வைத்திருப்பவனுக்கு மெஷின் பின்னாலேயே நடந்தால்தான் நெல் அறுப்பதாக நம்பிக்கை வரும். நடந்தேன். மெஷின் பின்னால் என்ன பறக்கும் என்று எனக்குத் தெரியாதா? பிறந்ததிலிருந்து பார்க்கிறேன். பொறாமை பிடித்தவனுக்கு அதெல்லாம் ஞாபகம் இருப்பதில்லை. காற்று திரும்பியது. தூசி, பதர், சுணை, வைக்கோல் துணுக்கு என்று மொத்தமும் வந்து என் முகத்தில் உட்கார்ந்தது. மற்றவன் முகமாக இருந்தால் உதறிக்கொண்டு போயிருக்கும். என் முகத்தில் அத்தனை விலை கொடுத்து வாங்கிய கிரீம் இருந்ததே! வந்தது எதுவும் திரும்பிப் போகவில்லை.

துடைத்தேன். இன்னும் நன்றாக அப்பிக்கொண்டது. கண்ணைத் திறக்க முடியவில்லை. சுணை அரிப்பு வேறு. தட்டுத்தடுமாறி வரப்புக்கு வந்தால், "ஐயோ, வக்கப்போரு நடந்து வருது!" என்று யாரோ கத்துவது கேட்டது. வேடிக்கை பார்க்க வந்து வரப்பில் நின்றிருந்த தெருவே சிரித்தது. அந்தச் சிரிப்பில் கோமதியின் குரல் தனியாகக் கேட்டது. அங்கேயே குழி வெட்டிப் படுத்துவிடலாம் என்று இருந்தது எனக்கு.

இன்ஜின் சத்தம் நின்றது. அவர்தான் குதித்து ஓடி வந்தார். என்னை உட்கார வைத்து, பம்புசெட்டுத் தண்ணீர் வேண்டாம் என்று அவருடைய கேன் தண்ணீரையே கொட்டி, ஈரத் துணியால் கொஞ்சம் கொஞ்சமாக ஒற்றி எடுத்தார். விரலில் ஒட்டியதை முகர்ந்து பார்த்தார். என்ன கிரீம், என்ன விலை, எதற்காக வாங்கினேன் என்பது வரை அந்த ஒரு முகர்வில் அவருக்குத் தெரிந்துவிட்டது.

"இன்னாங்க இது, மூஞ்சில இன்னாத்தப் பூசிக்கினீங்க?" என்று கோமதி கேட்டாள்.

நான் வாயைத் திறப்பதற்குள் அவர் சொன்னார்: "நாந்தாம்மா அண்ணனப் போடச் சொன்னேன். நெத்தியில வேர்க்குரு மாதிரி இருந்துச்சி. பின்னால நிக்காதீங்கன்னு சொல்ல மறந்துட்டேன். எம் மேல தப்பு."

கூட்டம் அவரைத் திட்டிவிட்டுக் கலைந்தது. கோமதியும் அவரை ஒரு முறை முறைத்துவிட்டுப் போனாள். அவள் கண்ணில் அவர் ஒரு படி இறங்க வேண்டும் என்றும்தானே நான் மூன்று மாதமாகத் தவம் கிடந்தேன்? ஏனோ ருசிக்கவில்லை.

மெஷின் நிழலில் இரண்டு பேரும் உட்கார்ந்தோம். "அது ராத்திரி போடறதுண்ணே. அதுவும் பட்டாணி அளவுதான்" என்றார் மெதுவாக.

"ஒரு டப்பா முழுக்கப் போட்டும் ஒன்னும் தெரியலையே."

"எப்டி தெரியும்? என்னப் பாக்கும்போதெல்லாம் மொறைக்கறீங்க. புருவத்துக்கு நடுவுல கோடு வுய்ந்துடும். அதுக்கு எந்தக் கம்பெனியிலும் கிரீம் கெடையாது."

கோபம் வர வேண்டிய இடம். வரவில்லை. எவ்வளவு நாளாக மனதில் இருந்ததோ, கேட்டுவிட்டேன்: "மெய்யா சொல்லுங்க. இவ்ளோ துட்டு கொடுத்து வாங்கறதுக்குத் தகுமா இதெல்லாம்?"

"வெயிலுக்குப் போடறது தகும்ண்ணே. அதுல சாதாரணமானதும் நல்லாத்தான் வேல செய்யுது. மத்ததெல்லாம் எனக்கே தெரில. கம்மி வெலைல போட்டாலும் இப்டித்தான் இருப்பேனோ இன்னாவோ." மெஷினின் பக்கவாட்டுக் கண்ணாடியைக் காட்டினார். "காத்தால மேல ஏறிக் குந்துனா பொயுது சாயற வரைக்கும் யாரு கூடவும் பேச முடியாது. அந்தச் சத்தத்துல ஒண்ணும் கேக்காது. எனக்குத் தொண அந்தக் கண்ணாடியில கீற ஆளு ஒருத்தன்தான். அவன் மூஞ்சி வாடிக் கெடந்தா எனக்கு வேல ஓட மாட்டேங்குது. அவனுக்குத்தான் இந்தச் செலவு."

வெயிலுக்குப் போடுகிற டியூப் ஒன்றை என் சட்டைப் பையில் சொருகிவிட்டு மேலே ஏறிப் போனார். ஏறியதும் கண்ணாடியைத் துடைத்து, அதில் தெரிந்தவனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டதை நான் பார்த்தேன்.

அதன்பிறகு நான் பெரிதாக ஒன்றும் செய்யவில்லை. வண்டியில் போகும்போது டியூப். கடையில் இருக்கும்போது முகத்தைச் சுளிக்காமல் இருக்க ஒரு முயற்சி. மானாம்பதிக்காரர் மெஷினை விற்றுவிட்டார். கிரீம் டிரைவர் வேறொரு முதலாளியின் மெஷினோடு நெல்லூர்ப் பக்கம் போய்விட்டதாகச் சொன்னார்கள்.

ஆவணியில் ராஜகுளத்தில் ஒரு கல்யாணம். பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த கோமதியின் தங்கை என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இன்னாக்கா, மாமா வரவர இப்டி சோக்கா ஆயிக்கினே போறாரு? எங்க வூட்டுக்காரு மூஞ்சியும் கீதே!" என்றாள்.

"ஏய், கண்ணு வெக்காத!" என்றாள் கோமதி.

வீட்டுக்கு வந்ததும் என்னை வாசலிலேயே நிற்க வைத்து, உப்பும் மிளகாயும் எடுத்து மூன்று சுற்று சுற்றி அடுப்பில் போட்டாள். "பாழாப்போன கண்ணு, எல்லாம் என் வூட்டுக்காரரு மேலயே வியுது" என்று முணுமுணுத்தாள். மிளகாய் வெடித்தது. நான் இருமிக்கொண்டே கொல்லைப்புறம் போய், மானாம்பதிக்காரரிடம் நம்பர் வாங்கி, நெல்லூருக்குப் போன் போட்டேன். இதைச் சொல்ல எனக்கு வேறு ஆள் தோன்றவில்லை.

எடுத்தார். ஒரே இன்ஜின் இரைச்சல். நான் கத்தினேன், அவரும் கத்தினார், 'கோமதி சொன்னா' என்பதைத் தவிர அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. பிறகு இரைச்சல் சட்டென்று நின்றது. ஏதோ ஒரு தெலுங்குக்காரர் தன் வயலில் நின்றுகொண்டு அவரைத் திட்டுவது கேட்டது.

"மெஷின நிறுத்திட்டேண்ணே. இப்ப சொல்லுங்க. அவுங்க இன்னா சொன்னாங்க? ஒரு வார்த்த வுடாம சொல்லணும்."

ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன். அவர் அவ்வளவு சந்தோஷமாகக் கேட்டதால், கோமதி சொல்லாததையும் இரண்டு வார்த்தை சேர்த்துச் சொன்னேன்.