போன வழியே திரும்பாதவர்

மனித குலத்தில் ‘போன வழியே திரும்பாதவர்’ என்றொரு இனம் உண்டு. எங்கள் கட்டலோனியக் கடற்கரையில் குன்றுகள் இருக்கிற வரைக்கும் இந்த இனத்துக்கு அழிவில்லை. அடையாளம் கண்டுகொள்வது எளிது. கழுத்தில் திசைகாட்டி, சாப்பாட்டு மேசை முழுக்க வரைபடம், வாயில் எப்போதும் ஒரே வாக்கியம்: “ரொம்ப சுலபமான நடை. ஒரு வட்டம், அவ்வளவுதான்.”

ஏன் வட்டம்? குன்றின்மேல் இருக்கும் மாதா கோயிலுக்கு ஒரு பாதை போகிறது. அதே பாதை திரும்பியும் வருகிறது, யாரும் தடுப்பதில்லை. ஆனால் இவரைக் கேளுங்கள். “போன வழியே திரும்ப நாம என்ன ஆட்டு மந்தையா?” என்பார். ஆட்டு மந்தை பொழுது சாய்வதற்குள் வீடு வந்து சேர்ந்துவிடுகிறதே என்று அவரிடம் யார் சொல்வது?

மருந்துக் கடையைப் பிள்ளைகளிடம் விட்டுவிட்டு ஓய்ந்திருக்கும் எவுடால்ட் இந்த இனத்தின் அசல் பிரதி. அவர் மனைவி ரெமெய்க்கு வசந்தத்தில் கால் மூட்டு மாற்றினார்கள். கோடை முழுவதும் கைத்தடியோடு கடற்கரையில் நடந்து பழகியவளுக்கு இருந்தது ஒரே ஆசைதான். குளிர்காலம் வருவதற்குள் சொந்தக் காலில் மாதா கோயிலுக்கு ஏறி, அதன் மதில்மேல் உட்கார்ந்து கடலைப் பார்க்க வேண்டும். பேசாமல் கிளம்பிப் போயிருக்கலாம். கணவரிடம் சொல்லித் தொலைத்தாள்.

அவ்வளவுதான், செப்டம்பர் போய் அக்டோபர் வந்தது. எவுடால்ட் காற்றின் திசை பார்த்தார், சரிவை அளந்தார், போட்ட வட்டத்தை அழித்து அழித்துப் போட்டார், மலையேற்றச் சங்கத்தில் ஒருவர் விடாமல் யோசனை கேட்டார். பள்ளத்தாக்கில் போகும் இடப்பக்க வண்டிப்பாதை வேண்டாம், வலப்பக்கம்தான் சரி என்று சங்கமே ஒரே குரலில் சொன்னது. வேறு எந்த விஷயத்திலும் அந்தச் சங்கம் ஒரே குரலில் பேசியதாகச் சரித்திரம் இல்லை.

“போனா போதும் எனக்கு. போன வழியே வந்துடலாம்,” என்றாள் ரெமெய்.

“உன் காலுக்காகத்தான் இவ்வளவு பாடுபடறேன். ஏத்தமே தெரியாது பாரு.”

ஞாயிற்றுக்கிழமை கிளம்பினார்கள். உடல்நலத்துக்காக நடப்பதென்றால் எங்கள் ஊரில் முதலில் அடிவாரச் சத்திரத்தில் உட்கார்ந்து, வெள்ளை அவரையும் பன்றித் தொத்திறைச்சியும் வயிறு முட்டத் தின்று, ஒயினும் குடிக்க வேண்டும். ரெமெயின் தம்பி ஃபெர்மி வந்ததே இதற்குத்தான். எழுந்தபோது வெயில் ஏறிவிட்டது.

பாதை பிரியும் இடத்தில் கைகாட்டி தெளிவாக நின்றது. இடப்பக்கம் கோயில், தக்கை மர நிழலில் சமமான வண்டிப்பாதை. எவுடால்ட் வலப்பக்கம் திரும்பினார்.

“இந்தப் பக்கம்தானே மச்சான் கோயில்?” என்றான் ஃபெர்மி.

“அங்க வழுக்கும்.”

“மழையே இல்லையே.”

“காட்டுப்பன்னி வேட்டை நடக்குது.”

“எச்சரிக்கைப் பலகை எதையும் காணோமே.”

“பலகை வைக்காம நடத்துறாங்க.”

எங்கள் ஊரில் மச்சான் என்பது உறவல்ல, எல்லாம் தெரிந்தவர்போல் பேசும் ஒரு குணம். ஃபெர்மி பின்னால் நடந்தான்.

வலப்பக்கம் இருந்தது பாதையில்லை. உருண்டு விழுந்த கற்களின் குடியிருப்பு. பாதி ஏற்றத்தில் ரெமெயின் மூட்டு வலிக்கத் தொடங்கியது. ஒரு பாறையில் உட்கார்ந்தாள். இவ்வளவுதானா, இந்த வருடமும் இல்லையா என்று நினைத்தபோது அழுகை வந்தது. ஃபெர்மி வரைபடத்தை வாங்கிப் பார்த்தான்.

“வட்டம்னீங்க. இந்த இடத்துல மட்டும் எலி கடிச்ச ரொட்டி மாதிரி உள்ள போயிருக்கே?”

எவுடால்ட் வரைபடத்தைப் பிடுங்கி மடித்தார். எங்கள் ஆண்கள் சொத்தை உயிலில் எழுதுவார்கள், பாவத்தைப் பாதிரியாரிடம் சொல்வார்கள். காளான் முளைக்கும் இடத்தை மட்டும் சவப்பெட்டிக்குள் கொண்டுபோவார்கள். அதிலும் ‘ராஜமுட்டை’ என்று நாங்கள் சொல்லும் செங்காவிக் காளான் என்றால் கேட்கவே வேண்டாம்.

“வண்டிப்பாதையோரம், பாழடைஞ்ச தண்ணித் தொட்டிக்குப் பின்னால. அதானே?” என்றாள் ரெமெய்.

எவுடால்டின் முகம் வெளிறியது. “உனக்கு யார் சொன்னா?”

“கல்யாணமான வருஷமே உன் பின்னாடி வந்து பார்த்துட்டேன். மண்டி போட்டுக் கும்பிட்டுக்கிட்டு இருந்தே. தெரிஞ்சா மனசு ஒடிஞ்சு போயிடுவியேன்னு இத்தனை வருஷம் சும்மா இருந்தேன். நீ என்னடான்னா நாலு காளானுக்காக என் காலைக் கல்லுல இழுத்தடிக்கிறே.”

கைத்தடியை ஊன்றி எழுந்தாள். மெல்ல, போன வழியே திரும்பினாள்.

கைகாட்டி வரை வந்து மூவரும் திரும்பிய இடப்பக்க வண்டிப்பாதை உள்ளங்கை போலச் சமமாக இருந்தது. தொட்டி அருகே வந்ததும் அதன் பின்னாலிருந்து நான்கு முதுகுகள் நிமிர்ந்தன. மலையேற்றச் சங்கத் தலைவர் நர்சீஸ், பொருளாளர், இன்னும் இருவர். ஆளுக்கொரு கூடை.

“வலப்பக்கம் போகலையா?” என்றார் நர்சீஸ், கூடையை முதுகுக்குப் பின்னால் தள்ளியபடி.

எவுடால்ட் அதைக் கேட்கவேயில்லை. மிச்சமிருப்பதையாவது காப்பாற்ற மண்டியிட்டுச் சருகைக் கிளற ஆரம்பித்திருந்தார். ஃபெர்மியும் மெதுவாகக் குனிந்தான். ரெமெய் நிற்கவில்லை. தனியாகவே ஏறினாள், மதில்மேல் உட்கார்ந்தாள், அவளுக்காகவே விரித்து வைத்ததுபோல் கிடந்த கடலை ஆசை தீரப் பார்த்தாள். பிறகு, போன வழியே திரும்பி வந்தாள். அவர்கள் இன்னும் மண்டியிட்டிருந்தார்கள்.

வாசகரே, இந்த இனத்தில் நீங்கள் இல்லை என்றுதான் நினைக்கிறீர்கள். இருக்கட்டும். இவ்வளவும் படித்துவிட்டு உங்கள் மனத்தில் நிற்பது எது, ரெமெய் பார்த்த கடலா, அந்தத் தண்ணீர்த் தொட்டியா? தொட்டி எந்தக் குன்றில் இருக்கிறது என்ற கேள்வி வாய்வரை வந்துவிட்டதல்லவா?

அந்தப் பக்கம் ஒன்றுமில்லை. போகாதீர்கள், வழுக்கும்.