கறுப்புப் படத்தில் ஓர் எல்லை

மெல்பேர்ண் தமிழரில் இரண்டு இனம் உண்டு. நாட்டின் எல்லையைக் கடந்துவிட்டுப் பேசாமல் வீட்டுக்குப் போய்ப் படுப்பவர்கள் ஓர் இனம். அதை ஆயுள் முழுவதும் கடந்துகொண்டே இருப்பவர்கள் மற்ற இனம். இரண்டாவதில் நல்ல மாதிரி ஒன்று பார்க்க வேண்டுமா? சனிக்கிழமை பின்னேரம் ஸ்பிரிங்வேலில் விக்னராஜா வீட்டுக்கு வாருங்கள். சாப்பாடு உண்டு. தப்ப வழியில்லை.

சாம்பியாவில் கணக்குப் படிப்பித்தவர். எழுபத்து நாலாம் ஆண்டு லீவுக்கு மனைவி நாகேஸ்வரியையும் ஒரு புட்டுக்குழலையும் பெஜோ காரில் ஏற்றிக்கொண்டு மலாவிக்குப் போனார். அவ்வளவுதான் சம்பவம். ஆனால் மெல்பேர்ண் வந்த வருஷம் சொன்ன கதையில் அவரை இரண்டு மணித்தியாலம் மறித்து வைத்திருந்த எல்லை அதிகாரி, அடுத்த வருஷம் நாலு மணித்தியாலம் மறித்தார். இந்த எழுபத்தேழில் ஆறு. நெஞ்சுக்கு நேரே நீட்டிய துவக்கோடு.

கோழிக்கறி முடிந்ததும் லைற் அணையும்; சுவரில் வெள்ளைத் துணி தொங்கும்; புரொஜெக்டர் உறுமும். கிளிக். யானை. கிளிக். யானையும் நாகேஸ்வரியும். கிளிக். முழுக் கறுப்பு.

"இதுதான் எல்லை. படமெடுக்க விடமாட்டினம். கோட்டுப் பொக்கற்றுக்குள்ளை வைச்செல்லோ எடுத்தனான்!"

கறுப்பைப் பார்த்துப் பதினைந்து பேர் பயபக்தியோடு தலையாட்டுவார்கள். ஆட்டாமல் என்ன செய்வது? பாயாசம் இன்னும் வரவில்லையே.

அன்று மட்டும் ஒரு தலை ஆடவில்லை. சாம்பியாவிலிருந்து போன மாதம் வந்திறங்கிய என்ஜினியர் யோகேஸ்வரன்.

"அண்ணை, அண்டைக்கு அந்த எல்லையிலை எனக்கு அஞ்சு நிமிஷந்தானே எடுத்தது. உங்கட காருக்குப் பின்னாலை நிண்டதுதான் ஒரு மணித்தியாலம்."

விக்னராஜா புரொஜெக்டரிலிருந்து கையை எடுத்தார். மூன்று வருஷமாகப் பார்த்துப் பார்த்து வளர்த்த கதை!

"நீர்... பின்னாலை நிண்டனீரோ?"

"ஓம் அண்ணை. அந்த மனுசன் பாவம், ஸ்டாம்பைத் தூக்கின கையோடை நிண்டவர். நீங்கள்தான் அவருக்குத் தன்சானியா எல்லை கடந்த கதையைச் சொல்லிக்கொண்டு நிண்டனீங்கள். முடியுமட்டும் அவர் குத்தேல்லை."

"நான் காருக்குள்ளை ஒரு நித்திரை கொண்டு எழும்பிப் பாத்தன், அப்பவும் முடியேல்லை" என்றார் நாகேஸ்வரி, குசினியிலிருந்து.

வீடு சிரிப்பில் குலுங்கியது. இனி எந்தச் சனிக்கிழமை, எந்த மனிதர் வந்து உட்காரப் போகிறார்கள்? ஆனால் இந்த இனம் அவ்வளவு லேசில் அழியுமா? விக்னராஜா கதிரையை விட்டு எழுந்தார்.

"அப்ப எனக்குப் பின்னாலை நிண்ட உமக்கு எவ்வளவு கஷ்டம்! வாரும், முன்னுக்கு வந்து நீரே சொல்லும்."

யோகேஸ்வரன் தயங்கினார். முன்னால் பதினைந்து முகங்கள். செருமினார்.

"வெயிலெண்டா அப்பிடி ஒரு வெயில்... ரெண்டு மூண்டு மணித்தியாலம் சும்மாயே?"

"துவக்கு?" என்று மெல்ல எடுத்துக்கொடுத்தார் விக்னராஜா.

"துவக்கோ? ரெண்டு துவக்கு!"

விக்னராஜா மறுபடியும் கதிரையில் நிம்மதியாகச் சாய்ந்தார்.

சிரிக்கிறீர்களா? நல்லது. சிட்னிக்குப் போகிற வழியில், மாநில எல்லையான அல்பரிப் பாலத்தடியில் ஒரு பொலிஸ்காரர் உங்கள் காரை நிறுத்தினாரே, அந்தப் பயங்கரத்தை எனக்கு இதுவரை மூன்று தரம் சொல்லிவிட்டீர்கள். முதல் தரம் சொன்னபோது அவர் உங்களுக்குப் பாதை காட்டிவிட்டுக் கையசைத்தார். ஞாபகம் இருக்கிறதா?