நான் அடித்தது ஒரே ஒரு விசில்

சிதம்பரத்தில் சகல சௌகரியங்களோடும் வீற்றிருக்கும் மதிப்பிற்குரிய தமிழ்மணி மச்சான் அவர்களுக்கு, கடலூர் செம்மண்டலத்திலிருந்து தங்கள் தங்கை தில்லையம்மாளின் கணவன் சபாபதி பணிவன்புடன் எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். என் இடது கணுக்காலும் சுகம். அங்கே தாங்களும், அக்காவும், தாங்கள் புதிதாக வாங்கியிருக்கும் காரும் ஒரு கீறல்கூட இல்லாமல் இருக்க நடராஜப் பெருமானை வேண்டிக்கொள்கிறேன்.

இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் நான் வாயைத் திறந்ததுமே "சரி மாப்ள, அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிடுவீர்கள். கடிதத்தை அப்படி வைக்க முடியாது. ஆகவே கேளுங்கள். ஜெயித்துவிட்டேன் மச்சான்! விபத்துக்கு முழுக் காரணம் லாரி டிரைவர்தான், என் மேல் ஒரு சதவீதம்கூடத் தப்பில்லை என்று தீர்ப்பாயம் எழுதிக் கொடுத்துவிட்டது.

நான் மாவுக்கட்டோடு ஆஸ்பத்திரியில் கிடந்தபோது தாங்கள் ஆரஞ்சுப் பழத்தை எனக்கு உரித்துக்கொடுப்பதுபோல் உரித்துத் தாங்களே தின்றுகொண்டு சொன்னது ஞாபகம் இருக்கிறதா? "மாப்ள, நீ கண்டக்டர் வேலய வுட்டு எறங்கி நாலு வருஷம் ஆச்சி. இன்னும் சட்டப்பையில விசில வச்சிக்கினு சுத்துற பாரு, அதான் உன் கால ஒடச்சிது" என்றீர்கள். ரோஷம் பொத்துக்கொண்டு வந்து அப்போதே பந்தயம் கட்டினேன். கோர்ட்டு என் மேல் ஒரு சதவீதம் தப்பு சொன்னாலும் விசிலைக் கெடிலம் ஆற்றில் வீசிவிடுகிறேன். சொல்லாவிட்டால் நம் உறவுக்காரப் பையன் பாலகுமாரின் புதுமனை புகுவிழாவில், பந்தியில் எல்லோரும் உட்கார்ந்திருக்கும்போது, "என் மாப்பிள்ளை விசில் தப்பாது" என்று தாங்கள் எழுந்து நின்று சொல்ல வேண்டும். இலை போட்டதும் சொன்னால் போதும். பாயசம் வரும்வரை இழுக்க வேண்டாம்.

நடந்ததைத் தாங்கள் உறவுமுறை முழுக்கத் தப்பாகவே சொல்லிவைத்திருப்பதால் திரும்பச் சொல்கிறேன். சிமெண்டு லாரி ஒன்று குடோனுக்குள் போக ரிவர்ஸ் எடுத்தது. பின்னால் ஸ்கூட்டரில் நான். கிளீனர் இறங்கி நின்று வழி சொல்ல வேண்டியவன், கேபினில் காலை நீட்டித் தூங்குகிறான். முப்பது வருஷம் பஸ்ஸில் நின்ற கை சும்மா இருக்குமா, விசிலை எடுத்து ஊதினேன். ஒரு விசில் என்றால் நிறுத்து, இரண்டு என்றால் போகலாம், இது பால் குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும். நிற்க வேண்டிய லாரி சர்ரென்று வந்து ஸ்கூட்டர் மேல் ஏறியது. நான் பக்கத்தில் கொட்டியிருந்த ஜல்லியில் போய் விழுந்தேன். மறுவாரம் லாரி ஓனரின் ஆள் ஹார்லிக்ஸும் ஆப்பிளுமாக வந்து, கேஸ் வேண்டாம் என்று ஒரு தாளில் கையெழுத்து கேட்டான். தாங்கள்கூட "போட்டுக் குடுத்துட்டு வேலயப் பாரு" என்றீர்கள். ஆப்பிளைத் தின்றேன், கையெழுத்துப் போடவில்லை. நம் வக்கீல் இசைவாணி கெட்டிக்காரப் பெண். "ஐயா, டிரைவர் மேல மட்டும் கோவப்பட்டா ஒண்ணும் வராது. ஓனரையும் இன்சூரன்ஸ் கம்பெனியையும் சேத்து மனு போடணும். ஆஸ்பத்திரி சீட்டு ஒண்ணக்கூடத் தொலைக்காதீங்க. இன்ஸ்பெக்டர் பாத்து முடிக்கற வரைக்கும் வண்டியில கைய வைக்காதீங்க" என்றது. நான் கையை வைக்கவில்லை, வேறு யாரையும் வைக்க விடவில்லை. ஸ்கூட்டரில் காய்ந்த துணியைக்கூடப் போடக்கூடாது என்று தங்கள் தங்கையோடு இரண்டு நாள் பேசாமல் இருந்தேன்.

கடைசியில் விசாரணை வந்தது. இன்சூரன்ஸ் தரப்பு வக்கீல் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிக்கொண்டு, "நீங்க ரெண்டு விசில் அடிச்சீங்க, அதனாலதான் டிரைவர் வண்டிய எடுத்தாரு, பாதித் தப்பு உங்களுது" என்று ஆரம்பித்தார் பாருங்கள், எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது.

"ஒண்ணுதாங்க அடிச்சேன்."

"எப்படி அடிச்சீங்க?"

கேட்டால் காட்ட வேண்டாமா? எடுத்து ஒன்று ஊதினேன். டைப் அடித்துக்கொண்டிருந்த அம்மா கையைத் தூக்கிவிட்டார். கேஸ் கட்டைத் தூக்கி வந்த குமாஸ்தா ஒற்றைக் காலில் நின்றுவிட்டார். நீதிபதி ஐயாவின் பேனாகூட நின்றுவிட்டது. "ஐயா, எல்லாரும் நின்னுட்டாங்க பாருங்க, இதாங்க ஒரு விசில்" என்றேன். நீதிபதி, "அத மொதல்ல உள்ள வைங்க" என்றார். ஆனால் சிரிப்பை அவரால் உள்ளே வைக்க முடியவில்லை. அடுத்து என்னோடு வேலை பார்த்த டிரைவர் கோவிந்தசாமி கூண்டில் ஏறி, "இவுரு ஒண்ணு அடிச்சா நிப்பேன், ரெண்டு அடிச்சா எடுப்பேன், ஒரு நாளும் மாத்தி அடிச்சதில்லீங்க" என்று தழுதழுத்தார். எனக்கும் கண் கலங்கிவிட்டது.

தீர்ப்பில், யார் எத்தனை விசில் அடித்தாலும், பின்னால் வண்டியை எடுக்கும்போது பின்னால் பார்ப்பது ஓட்டுபவரின் கடமை என்று எழுதியிருக்கிறது. எத்தனை விசில் என்ற கேள்விக்குள் போக அவசியமில்லை என்று போட்டதில் மட்டும் எனக்குச் சின்ன மனக்குறை. போகட்டும். விசில் என் பையில்தான் இருக்கிறது, கெடிலம் அதன்பாட்டுக்கு ஓடுகிறது. தாங்கள் பந்தியில் பேச வேண்டியதை இப்போதே மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்.

அக்காவுக்கு என் வணக்கம். பேரப்பிள்ளைகளுக்கு ஆசீர்வாதம். தங்களுக்கு இந்த வெற்றியைத் தாங்கும் மனபலத்தைத் தில்லைக் காளி அருளட்டும்.

இப்படிக்கு,
ஒரு சதவீதமும் தவறில்லாத
சபாபதி

பி.கு.: தங்கள் முகம் போகிற போக்கைப் பார்க்க ஆசைப்பட்டு, இதைத் தபாலில் போடாமல் நேரில் கொடுக்க பஸ் ஏறி வந்தேன். தாங்கள் புதுக் காரை கேட்டுக்கு வெளியே ரிவர்ஸ் எடுத்துக்கொண்டிருந்தீர்கள். கேட்டுத் தூண் பக்கத்தில் கார் வரவே, நிறுத்தச் சொல்லி ஒரு விசில் அடித்தேன். கார் நிற்கவில்லை. காதில் விழவில்லையோ என்று பதறி உடனே இன்னொன்று அடித்தேன். தாங்கள் வேகமாக எடுத்தீர்கள். தூண் விழுந்த பிறகு தாங்கள் பேசியதை நான் எழுத வேண்டியதில்லை, தெருவே கேட்டது. காரில் கையை வைக்காமல் படம் எடுத்து வையுங்கள். பின்னால் பார்ப்பது ஓட்டுபவரின் கடமை என்ற தீர்ப்பையும் மறக்க வேண்டாம். எதிரில் நின்று கொடுக்கத் தைரியம் இல்லாததால், இந்தப் பி.கு.வைச் சிதம்பரம் பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்து எழுதிச் சேர்த்துத் தபாலில் போடுகிறேன். செய்தி அதற்குள் செம்மண்டலம் போய்விட்டது. கெடிலம் பாலம் வரும்போது ஜன்னலோரமாக உட்காரும்படி தங்கள் தங்கை போனில் சொல்கிறாள். எனக்கும் இப்போதுதான் ஒரு சந்தேகம் வருகிறது மச்சான். அன்றைக்கு அந்த லாரியும் முதல் விசிலுக்கு நிற்கவில்லையே, அப்போது நான் என்ன செய்திருப்பேன்? படித்ததும் இதைக் கிழித்துவிடுங்கள். இன்சூரன்ஸ்காரர்கள் அப்பீல் போக இன்னும் நாள் இருக்கிறது.